மூன்று மணிக்கு மேல் தெரியும் கடையின் தரம்: எல்லை தாண்டிய லாட்டரிக் கடைகள்

களியக்காவிளையில் கேரள எல்லையைக் கடந்ததும் இஞ்சிவிளை. அங்கிருந்து பாறசாலை வரை ரோட்டோரம் முழுக்க லாட்டரிக் கடைகள்தான். நாலு சக்கரத் தள்ளுவண்டி, குடை நட்ட மேசை, கண்ணாடி போட்ட ஏஜென்சி, கையில் பலகை பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கும் வயதானவர் என்று எல்லா வகையும் உண்டு. பனச்சமூடு சந்தைப் பக்கமும் கொல்லங்கோடு தாண்டி ஊரம்பிலும் இதே காட்சி. மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை, தேங்காப்பட்டணம் என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் பாதி ஊர்களிலிருந்து சீட்டு எடுக்க வருகிறவர்கள் இந்தக் கடைகளுக்குத்தான் வருகிறார்கள். ஆகவே எந்தக் கடை ராசியான கடை என்ற பேச்சை விட்டுவிட்டு, இவை எப்படி நடக்கின்றன, எங்கே நம்பலாம், எங்கே கைநழுவும் என்று எழுதுகிறோம்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டிலும் அரசு லாட்டரி இருந்தது. 1968ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது வந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. 2003ல் ஜெயலலிதா ஆட்சியில் லாட்டரி விற்பனை முழுசாகத் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 1967ல் தனித் துறையே தொடங்கி, ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு 50,000 ரூபாய் முதல் பரிசு என்று 1968 ஜனவரி 26ல் முதல் குலுக்கல் நடத்தினார்கள். அது இன்றுவரை நிற்கவில்லை. கேரள மண்ணில் போய் எடுத்த சீட்டுக்குப் பரிசு விழுந்தால், எடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் அது செல்லாமல் போகாது. பண்டிகைக்கான பெரும் பரிசுச் சீட்டான ஓணம் பம்பரில் 2023ல் விழுந்த 25 கோடி தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேருக்குத்தான் போனது. ஆனால் அதே சீட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்பது குற்றம். குழித்துறைப் பக்கம் டீக்கடையில் பத்து ரூபாய் கூடுதல் வைத்து யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். 50 ரூபாய் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பெரிய பரிசு விழுந்த பிறகு ‘எங்கே எடுத்தீர்கள்’ என்ற கேள்வி வந்தால்தான் சிக்கல். அந்த 2023 பரிசின் மேலேயே, சீட்டு தமிழ்நாட்டில் வைத்து விற்கப்பட்டது என்று புகார் கிளம்பியது.

சீட்டைப் பொருளாகப் பார்த்தால் நன்றாகச் செய்த பொருள். இரண்டு எழுத்து சீரிஸ், பிறகு ஆறு இலக்க எண், குலுக்கல் தேதி, குலுக்கல் எண், கியூஆர் கோடு, முகத்தில் நெருக்கமான நுண்கோட்டு வேலைப்பாடு. தினசரிச் சீட்டுக்கு 2025 மே முதல் விலை 50 ரூபாய், முதல் பரிசு ஒரு கோடி. திங்கள் பாக்யதாரா, செவ்வாய் ஸ்த்ரீசக்தி, புதன் தனலட்சுமி, வியாழன் காருண்யா பிளஸ், வெள்ளி சுவர்ண கேரளம், சனி காருண்யா, ஞாயிறு சம்ருத்தி. குலுக்கல் திருவனந்தபுரம் பேக்கரி ஜங்ஷன் பக்கம் கோர்க்கி பவனில், மதியம் மூன்று மணிக்கு, பொதுமக்கள் பார்க்க நடக்கிறது. பம்பர் என்றால் இரண்டு மணி.

கடையில் சீட்டைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது நம்பரை அல்ல, தேதியை. பலகையில் இன்றைய சீட்டு, நாளைய சீட்டு, நாளை மறுநாள் சீட்டு மூன்றும் பக்கம் பக்கமாகக் குத்தியிருக்கும். அவசரத்தில் நாளைய சீட்டை வாங்கிக்கொண்டு, இன்றைய ரிசல்ட்டில் தேடி, இல்லை என்று கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், நேற்று விற்காமல் போன சீட்டு கட்டோடு கலந்து வருவது. நல்ல கடைக்காரர் குலுக்கல் முடிந்த சீட்டுகளை உடனே பலகையிலிருந்து எடுத்து மூலையை நறுக்கி வைப்பார். காலையில் போனபோது நேற்றைய சீட்டு பலகையில் இன்னும் தொங்கினால் அடுத்த கடையைப் பாருங்கள்.

மதியம் இரண்டரைக்கு மேல் போகாதீர்கள். விற்காத சீட்டைத் துறை திரும்ப எடுத்துக்கொள்ளாது. மூன்று மணி அடித்ததும் கையிலிருக்கும் கட்டு வெறும் காகிதம். அதனால்தான் அந்த அரை மணி நேரத்தில் ‘அண்ணாச்சி, இது கடைசி அஞ்சு, எடுத்துக்கோங்க’ என்று நெருக்குவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. சீட்டு விலை 50லேயே நின்றதால், அந்த 50ல் 14 ரூபாய் 29 காசு வரியாகப் போகிறது. முன்பு 10 ரூபாய் 94 காசு. இடைவெளியைச் சரிக்கட்ட ஏஜென்டுகளின் கமிஷனிலும் கை வைத்தார்கள். வெயிலில் நின்று விற்கும் முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் மிஞ்சுவது சீட்டுக்குச் சில ரூபாய்தான். அந்த நெருக்கடி உங்கள் பாக்கெட்டுக்கு வரும் நேரம் இரண்டரை மணி.

‘செட்’ (கடைசி நான்கு இலக்கம் ஒன்றாக உள்ள சீட்டுகளைக் கட்டாகத் தருவது) விஷயத்தில்தான் பலருக்குக் கணக்கு புரியாமல் பணம் போகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். தினசரிச் சீட்டு 12 சீரிஸில் அச்சாகிறது. ஒவ்வொரு சீரிஸிலும் 100000 முதல் 999999 வரை, ஒன்பது லட்சம் சீட்டு. ஆக மொத்தம் ஒரு கோடியே எட்டு லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்தின் ஜனத்தொகை 18,70,374. அதைப்போல் ஏறக்குறைய ஆறு மாவட்டத்து ஜனத்தை ஒரே மைதானத்தில் நிறுத்தி ஒருவரைத் தொடுவதுதான் முதல் பரிசு. 5,000 ரூபாயும் அதற்குக் கீழேயுமான பரிசுகளுக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் பார்ப்பார்கள். ஒரு நான்கு இலக்கம் குலுக்கலில் வந்தால், ஒரு சீரிஸில் அந்த எண்டிங் உள்ள சீட்டு 90, பன்னிரண்டு சீரிஸிலும் சேர்த்து 1,080 சீட்டுக்குப் பரிசு.

இப்போது கடைக்காரர் ‘4471 எண்டிங்கில் பன்னிரண்டு சீட்டு செட்டாக இருக்கு, 600 ரூபாய்’ என்கிறார். பன்னிரண்டு சீட்டு கையில் இருந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு எண்டிங். 4471 வந்தால் பன்னிரண்டுக்கும் பரிசு, வராவிட்டால் பன்னிரண்டும் குப்பை. பன்னிரண்டு வெவ்வேறு எண்டிங் எடுத்தால் ஏதோ ஒன்றாவது தொட வாய்ப்பு பன்னிரண்டு மடங்கு. ஆனால் தொட்டால் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். சராசரியில் இரண்டும் ஒன்றே. செட் எடுத்தால் வாய்ப்பு கூடும் என்று சொல்லி விற்பது பொய். ஆறு இலக்கமும் ஒன்றாக, சீரிஸ் மட்டும் மாறும் பன்னிரண்டு சீட்டு என்றால் ஒரு வித்தியாசம் உண்டு: ஒன்றுக்கு முதல் பரிசு விழுந்தால் மற்ற பதினொன்றுக்கும் ஆறுதல் பரிசு வரும். ஐம்பது, நூறு சீட்டு என்று ஒரே எண்டிங்கில் கட்டிக் கொடுக்கிற கடையில் நிற்கவே வேண்டாம். அந்த அளவு செட்டைத் துறையே தடுக்கிறது. அப்படித் துணிந்து விற்கிறவர் மற்ற விதிகளையும் மதிக்கமாட்டார்.

இனி மூன்று மணிக்கு மேல். கடையின் தரம் இங்கேதான் தெரியும்.

நல்ல கடையில் ரிசல்ட் அச்சடித்த தாள் நாலரை, ஐந்து மணிக்குள் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். நீங்களே விரல் வைத்துப் பார்க்கலாம். ‘சீட்டைக் கொடுங்க, நான் பார்த்துச் சொல்றேன்’ என்று வாங்கிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிக் கசக்கிக் கூடையில் போடுகிற கடையும் இருக்கிறது. சீட்டைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். நம்பரைச் சொல்லுங்கள், அல்லது போனில் துறையின் பாக்யகேரளம் செயலியை வைத்துக் கியூஆர் கோடை நீங்களே காட்டிப் பாருங்கள். கண்பார்வை குறைந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும். இரண்டாயிரம், ஐயாயிரம் பரிசுகள் கசங்கிய சீட்டோடு போவது பெரும்பாலும் அவர்கள் கையிலிருந்துதான்.

5,000 ரூபாய் வரை உள்ள பரிசைக் கேரளத்தில் எந்த லாட்டரிக் கடையிலும் மாற்றலாம், எடுத்த கடைக்கே போக வேண்டியதில்லை. நடைமுறையில் சின்னக் கடைகள் பணத்துக்குப் பதில் சீட்டாகத் தருவார்கள்: 500 அடித்தால் நாளைய சீட்டு பத்து. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பணம்தான் பரிசு. கண்ணாடி போட்ட ஏஜென்சிகளில் இந்தத் தொல்லை குறைவு, சில்லறையும் சரியாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மேசைக் கடையைவிட ஏஜென்சி எவ்வளவோ மேல்.

பரிசை மாற்றும்போது கடைக்காரர் சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நம்பர் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுவதைப் பார்க்கலாம். சந்தேகப்படுகிறார் என்று கோபப்படாதீர்கள். 3 என்ற இலக்கத்தை 8 ஆக்கியோ, வேறு சீட்டிலிருந்து ஒரு இலக்கத்தை வெட்டி ஒட்டியோ, பரிசுச் சீட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுத்தோ ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஒட்டின இடத்தில் ஓரம் நகத்தில் தட்டும். ஜெராக்ஸ் தாளில் நுண்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகத் தெரியும். ஏமாறுவது அதிகமும் பார்வையற்ற வியாபாரிகளும் வயதானவர்களும். கொடுத்த பணம் அவர்கள் சொந்தப் பணம், துறை திருப்பித் தராது. சோதித்துப் பார்த்துப் பணம் தரும் கடை நல்ல கடை.

5,000க்கு மேல் போனால் கடையோடு பேச்சே வேண்டாம். ‘சீட்டை என்கிட்ட கொடுத்துடுங்க, உடனே ரொக்கம் தர்றேன், பத்து சதவீதம் கழிச்சுக்கறேன்’ என்று வருகிறவர் கறுப்பை வெள்ளையாக்கப் பார்க்கிறார். ஒரு லட்சம் வரை மாவட்ட லாட்டரி அலுவலகம். அதற்கு மேல் திருவனந்தபுரம் விகாஸ் பவனில் உள்ள லாட்டரி இயக்குநரகம். வங்கி வழியாகவும் ஒப்படைக்கலாம். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான்; ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு நேரில் போவது நல்லது.

குலுக்கல் நாளிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். முப்பது நாள் தாராளம் என்று தோன்றும். நம்ம ஊர்க்காரருக்கு அது தாராளம் இல்லை, காரணம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுசாக, பான் கார்டில் முன்னால் விரித்து, பாஸ்புக்கில் வெறும் ஓர் எழுத்து என்று மூன்று இடத்தில் மூன்று பெயர் இருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று என்றால் இன்னும் சிக்கல். இதைச் சரிசெய்ய அலைவதிலேயே இரண்டு வாரம் போய்விடும். பான் கார்டே இல்லாதவர்களும் நிறைய. தவறாமல் சீட்டு எடுக்கிறவர் இந்த மூன்றையும் பரிசு விழும் முன்பே ஒன்றாக்கி வைப்பது நல்லது. லாட்டரி அடிக்காவிட்டாலும் ஆயிரம் இடத்தில் உதவும்.

கொண்டுபோக வேண்டியவை: பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட்ட அசல் சீட்டு, அதன் இருபக்க நகல், உரிமைகோரல் படிவம், சான்றொப்பம் பெற்ற பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது, ஆதார், பான், பாஸ்புக் நகல்கள். வெளிமாநிலத்துக்காரர் என்பதால் நோட்டரி வக்கீலின் கையெழுத்தும் முத்திரையும் கேட்பார்கள். குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ கோர்ட்டுப் பக்கம் போனால் அரை நாளில் முடியும். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மசி கலங்கியிருந்தால் திரும்ப வர வேண்டியிருக்கும். சீட்டை லேமினேட் செய்யக் கூடாது. நம்பர் மேல் மடிப்பு விழக் கூடாது. சட்டைப் பையில் வியர்வையில் ஊறவிடக் கூடாது. ஒரு பழைய டைரிக்குள் தட்டையாக வைத்தால் போதும். பேப்பரில் வந்த ரிசல்ட்டை மட்டும் நம்பாமல் கேரள அரசிதழோடு ஒப்பிடச் சொல்லித் துறையே சொல்கிறது.

கையில் எவ்வளவு வரும்? ஒரு கோடி என்றால் ஒரு கோடி வராது. ஏஜென்ட் கமிஷன் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 90 லட்சம். அதில் 30 சதவீத வருமான வரி 27 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு 63 லட்சம் கணக்கில் போடுவார்கள். இதோடு முடிந்தது என்று வீடு கட்டத் தொடங்கிவிட்டால் அடுத்த வருடம் நோட்டீஸ் வரும். 50 லட்சத்துக்கு மேல் வருமானம் என்பதால் அந்த வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ் 2.70 லட்சம், இரண்டும் சேர்ந்ததன் மேல் 4 சதவீத செஸ் 1.188 லட்சம். இவற்றை நாமே கட்ட வேண்டும். மிச்சம் 59,11,200 ரூபாய். பரிசு வந்த வாரமே ஓர் ஆடிட்டரைப் பார்த்து, கட்ட வேண்டிய 3.89 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். 10,000 ரூபாய்க்கு உட்பட்ட பரிசுக்கு வரிப் பிடித்தம் கிடையாது.

பம்பர்கள் தனிக் கதை. ஓணம் 500 ரூபாய்க்கு 25 கோடி, கிறிஸ்துமஸ்-புத்தாண்டு 400க்கு 20 கோடி, விஷுவும் பூஜாவும் 300க்கு 12 கோடி. விலை அதிகம் என்பதால் நாலைந்து பேர் பங்கு போட்டு எடுப்பது வழக்கம், வேலைத்தலங்களில் இன்னும் கூடுதல். பங்குக்காரர் பெயர், ஆளுக்குப் போட்ட தொகை, சீட்டின் இருபக்கப் போட்டோ மூன்றையும் எடுத்த அன்றே எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள். சீட்டின் பின்னால் கையெழுத்திட்டவர்தான் சொந்தக்காரர் என்று நிற்கும்போது, வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. பெரிய பரிசுக்காரர்களுக்குப் பணத்தைக் கையாள்வது பற்றித் திருவனந்தபுரம் குலாத்தி நிறுவனத்தில் வகுப்பு எடுக்கிறார்கள். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. மலையாளம் தடுமாறினாலும் போய் உட்காருங்கள்.

முற்றிலும் ஒதுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வாட்ஸ்அப்பில் வரும் ‘ஆன்லைன் கேரள லாட்டரி’. கேரள அரசு காகிதச் சீட்டு மட்டும்தான் விற்கிறது, ஆன்லைனில் விற்பதே இல்லை. முதலில் 40, 50 ரூபாய் கேட்பான். பிறகு ஐந்து லட்சம் விழுந்தது என்று உங்கள் பெயர் போட்ட சீட்டுப் படம் அனுப்புவான். அதன் பிறகு ஜிஎஸ்டி கட்டு, ரிசர்வ் வங்கிக் கட்டணம் கட்டு என்று தொடரும். உண்மைப் பரிசில் வரியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், முன்பணம் யாரும் கேட்பதில்லை. கட்டிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இரண்டு, எழுத்து லாட்டரி என்கிற மூணு நம்பர். சில கடைகளின் பின்பக்கத்தில் துண்டுச்சீட்டில் எழுதி நடப்பது. முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைச் சொல்வது, அல்லது ஏ, பி, சி போர்டு என்று ஒற்றை இலக்கத்துக்குக் கட்டுவது. மூன்று இலக்கம் பொருந்த ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. கட்டின பணத்தைப்போல் ஆயிரம் மடங்கு எவனும் தரமாட்டான். தந்தால் அவனுக்குத் தொழிலே இல்லை. அரசு கணக்கு கிடையாது, ரசீது கிடையாது, அடித்தாலும் தரவில்லை என்றால் போலீசில் சொல்ல வழி கிடையாது. பத்து ரூபாய்க்கும் கட்டலாம் என்பதால் ரப்பர் பால் வெட்டப் போகிறவரும் சுமை தூக்குகிறவரும் ஒரே நாளில் பத்துத் தடவை கட்டிவிடுகிறார்கள். இதை எழுதும் கடை என்று தெரிந்தால் அங்கே அசல் சீட்டும் எடுக்காதீர்கள்.

அசல் சீட்டுக்கும் ஒரு கணக்கு வேண்டும். நாளொன்றுக்கு ஒன்று வீதம் எடுத்தால் வருடம் 18,250 ரூபாய். கூலி வாங்கிய கையோடு எடுப்பதுதான் அதிகம் இழுத்துக்கொண்டு போகிறது. மாசத்தில் இரண்டு நாள் என்று முடிவு செய்து, அன்றைக்கு 100 ரூபாயை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுங்கள். போன வாரம் அடித்த 200ஐக் கடையிலேயே திருப்பிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

எங்கே எடுப்பது என்று கேட்டால்: இருந்து விற்கும் இடம் உள்ள, ஏஜென்சி முத்திரையைச் சீட்டின் பின்னால் குத்தித் தரும், சாயங்காலம் ரிசல்ட் தாளை ஒட்டி, 5,000 வரை ரொக்கமாகத் தரும் கடை. நடந்து விற்கிறவர்களிடம் எடுக்க விரும்பினால் தாராளமாக எடுங்கள், அவர்களுக்கு அந்தச் சில ரூபாய் பெரிது. தேதியைப் பார்த்து, முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பஸ்ஸில் ஏறும் முன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.